நாறுகிற கடல்

கடலின் மேல் அடுக்கு இறுகவில்லை. விரல் நுனியால் தொட்டால் பாகு மாதிரி இழுபட்டது. வெளியே லிந்துலைப் பக்கம் முழுவதும் மழை. மழை விட்டால் பனிமூட்டம். கடலை வார்த்த ரெசின் பிசின் குளிரில் இறுகாது. தேயிலைத் தோட்டத்துத் தொடர் வீடுகளான லயத்தில், எங்கள் காம்பராவில் சூடான இடம் ஒன்றுதான், அடுப்படி. அதனால் கடலை அடுப்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பலகையில் வைத்துவிட்டு விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். கிட்ட வைத்தால் சூட்டில் பிளக்கும். தூர வைத்தால் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். சனிக்கிழமை கொடுக்க வேண்டும். அன்று வியாழன்.

கடல் என்றால் ட்ரங்குப் பெட்டி மூடி அளவு. ஆழம் ஒரு சாண். அடியில் கறுப்பை ஒட்டிய நீலம், மேலே வர வரப் பச்சை. அதற்குள் ஒரு நீர்மூழ்கிக் கப்பல். தண்ணீர்க் குழாயை அறுத்து, சூடு காட்டி வளைத்துச் செய்தது. முதுகில் ரம்பப் பல் மாதிரி முட்கள். ஆணித் தலைகளுக்குப் பதிலாக வரிசை வரிசையாகக் கடுகு ஒட்டினேன். பக்கவாட்டில் இரண்டு வட்ட ஜன்னல்கள், உள்ளே மஞ்சள் பல்பு. அந்தக் கப்பலை ஒரு ராட்சதக் கணவாய் மீன் சுற்றிப் பிடித்து நெரிக்கிறது. அடித்தட்டில் ஒட்டிய விளக்கு நாடாவைப் போட்டால் கணவாயின் கைகள் நிழலாக மேலே எழும்பி வரும்.

இதைச் செய்து கேட்டவர் பீரிஸ் மஹத்தயா, சிங்களப் பெரியவர். கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர். பழைய துரை பங்களா ஒன்றை வாங்கி ஹோட்டலாக்கி இருக்கிறார். சின்ன வயதில் கொழும்பில் ஒரு சாகசப் படம் பார்த்தாராம். அதில் இந்தச் சண்டை வருகிறதாம். அதைப் பார்த்துத்தான் கப்பலுக்கே போனாராம். தன்னுடைய எழுபதாவது பிறந்த நாளைக்கு அந்தக் காட்சி வரவேற்பறையில் வெளிச்சத்தோடு நிற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

நான் அங்கே கடல் செய்யப் போகவில்லை. வேலை கேட்டுப் போனேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. மானேஜர் தரணிதரன், ஹட்டன் பஜாரில் நகைக்கடை வைத்திருப்பவர்களின் மகன். சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, கொண்டை போட்டுக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றால் வெள்ளைக்காரர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள், அதற்கு ஆள் வேண்டும் என்றார். நான் போனில் இருந்த என் கடைசி வருடப் படைப்பைக் காட்டினேன். ரெசினுக்குள் செய்த பவளப்பாறை. கடலைப் பார்த்திருக்கிறீர்களா தங்கச்சி என்று இரக்கமாகக் கேட்டார். மட்டக்களப்பில் நான்கு வருடம் கடலுக்குப் பக்கத்தில் இருந்தேன், பார்த்து அலுத்துப் போய்விட்டது என்றேன். அதற்குப் பிறகுதான் பீரிஸ் மஹத்தயாவைக் கூப்பிட்டார்.

வாசமில்லாத ரெசின் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். தரணிதரன் பஸ் பம்பர் ஒட்டுகிறவர்கள் வாங்கும் ரெசினைக் கொண்டுவந்து கொடுத்தார். மூடியைத் திறந்தாலே மூக்கில் ஏறி நெற்றியில் குத்தும். ஹோட்டல் ஸ்டோர் அறையில் வைத்துச் செய்கிறேன் என்றதற்கு, ஆட்கள் தங்குகிற இடம், இந்த வாசம் சரிவராது, வீட்டில் வைத்துச் செய்யுங்கள் என்றார். அவருக்கு வீடு என்றால் எத்தனை அறை என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் அடுப்படியும் அதற்கு முன்னால் ஒரு காம்பராவும்தான். நாங்கள் மூன்று பேர் அந்த நாற்றத்தில் சோறு தின்றோம், அந்த நாற்றத்தில் படுத்தோம்.

அன்று காலையில் அப்பா ஸ்வெட்டர் இல்லாமல் வந்தார்.

அப்பாவின் பெயர் சோலைமலை. தேயிலைத் தொழிற்சாலை மேல்மாடியில் இரவு வேலை. பச்சைக் கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி வாட்டுவார்கள். தொட்டிக்கு அடியால் காற்றாடி இளஞ்சூட்டுக் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். கொழுந்தைக் கையால் பிரட்டி விடுவதுதான் அப்பாவின் வேலை. முன்பு மலையில் உரமூடையோடு சறுக்கி விழுந்தவர். காலுக்குள் கம்பி இருக்கிறது. சமதரையில் நடப்பார், நிற்பார். சரிவில் இறங்கச் சொன்னால் அவரால் முடியாது. மேல்மாடி வேலை போனால் அவருக்குக் கொடுக்கத் தோட்டத்தில் வேறு வேலை இல்லை.

ஸ்வெட்டர் எங்கே என்று கேட்டேன். இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"கஜேந்திரன் ஐயா பையில போட்டுக் கட்டி வச்சிக்கிட்டாரு."

கஜேந்திரன் என்பவர் டீமேக்கர், தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பானவர். தொழிற்சாலைக்குள் அவர் மூக்குத்தான் சட்டம். தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால் சலிக்கிற பெண்கள் தலையில் வைத்த பூவைக்கூட வாசல் ஆணியில் தொங்கவிட்டுத்தான் உள்ளே போவார்கள். வாசனைச் சவர்க்காரம், தைலம், கருவாட்டுக் கை எதுவும் ஆகாது. விறகுப் புகை மட்டும் எல்லோர் மேலும் இருக்கிறது, அதைச் சொன்னால் ஒருவரையும் உள்ளே விட முடியாது என்பதால் சொல்வதில்லை.

மழைக் காலத்தில் மேல்மாடி ஆட்கள் ஒரு காரியம் செய்வார்கள். நனைந்த துணியைக் காற்றாடி வாயில் தொங்கவிட்டால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். கூடாதுதான். எல்லோரும் செய்வதுதான். அப்பாவும் அன்று நனைந்த ஸ்வெட்டரை அங்கே போட்டிருக்கிறார். அது என் ரெசினோடு அறையில் கிடந்த ஸ்வெட்டர். காற்றாடி அந்த நாற்றத்தை ஒரு தொட்டிக் கொழுந்து முழுவதற்குள்ளும் ஊதித் தள்ளிவிட்டது. விடியற்காலையில் கஜேந்திரன் ஐயா மாடி ஏறி வந்தவர் பாதிப் படியிலேயே நின்றுவிட்டாராம். தொட்டியை அப்படியே அள்ளிக் குப்பைக்குக் கொட்டியிருக்கிறார்கள்.

"நீ ஒன்னும் மனசுல வச்சிக்காத புள்ள," என்றார் அப்பா.

எனக்கு மனசுல வைத்துக்கொள்ளத் தெரியாது. குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

தொழிற்சாலை வாசலுக்கு வந்த கஜேந்திரன் ஐயா, நான் கிட்ட வருமுன் கையை நீட்டி அங்கேயே நிற்கச் சொன்னார். மழையில் நின்றேன். அவர் கூரைக்குக் கீழே. நடுவில் ஒரு லொறி போகிற அளவு இடம். பேசியதெல்லாம் வாசலில் பூக் கழற்றிக்கொண்டிருந்த பெண்களுக்குக் கேட்டது.

"ஒங்கப்பா ஒரு தொட்டி கொழுந்த நாசமாக்கிட்டாரு. தெரியுமா?"

"தெரியும். மழைக்கு எல்லாரும் அங்கதான காயப்போடுறாங்க. ஒங்க ரெயின்கோட்டும் அங்கதான் தொங்குமாம்."

ஒரு பெண் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவர் முகம் மாறியது. உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு இரண்டு எட்டு முன்னால் வந்தார். நான் சொன்னது தவறான பேச்சுதான், ஆனால் பொய் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

"படிச்ச புள்ளன்னு சொன்னாங்க. இப்பிடி பேசத்தான் படிச்சியா?"

"அதுக்கும் சேத்துத்தான் ஐயா."

குரலைத் தாழ்த்திக்கொண்டார். தோட்டத்துப் பெரிய துரையிடம் இன்னும் சொல்லவில்லை, வாட்டம் கூடிப்போய்விட்டது என்று கணக்குக் காட்டியிருக்கிறேன் என்றார். ஒரு தொட்டிக்கு அப்படிக் காட்டலாம். இரண்டாவதற்கு முடியாது. சாயங்காலம் வேலைக்கு வரும்போது சோலைமலையை வாசலில் நிறுத்தித் தானே மோந்து பார்ப்பாராம்.

"நாத்தம் இருந்தா நாளையிலருந்து மலைக்கு. அதுக்கு மேல நான் ஒன்னும் செய்ய ஏலாது."

நான் திரும்பி வந்தபோது அம்மா பகல் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து இறங்கியிருந்தாள். விஷயம் எனக்கு முன்னால் லயத்துக்கு வந்துவிட்டது. பாயும் கம்பளியும் துணிமணியும் எல்லாம் வெளியே கிடந்தன. அம்மா அடுப்பிலிருந்த விறகை இழுத்துப் போட்டு அணைத்துவிட்டு, கடலுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். வேலாயி என்ற என் அம்மா கத்த மாட்டாள். மெதுவாகப் பேசினால்தான் பயம்.

"இத தூக்கிட்டுப் போயி கானுக்குள்ள ஊத்திரு."

சாக்கடைக் கானுக்குள் ஊற்றுகிற நிலையைக் கடல் தாண்டிவிட்டது. ஆனால் எறியலாம். நான் அதைத்தான் யோசித்தேன். எறிந்தால் அப்பா தொழிற்சாலைக்குள் போய்விடுவார். ஆனால் தரணிதரன் நான் கேட்ட இடத்தையும் கேட்டபடி வாசமில்லாத ரெசினையும் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவருடைய ஹோட்டலுக்கு ஆகாத நாற்றம் எங்கள் சோற்றுக்கு ஆகும் என்று முடிவு செய்தவர் அவர். அதற்கு என் வேலையை நான் ஏன் கானுக்குள் எறிய வேண்டும்? பங்களா வரவேற்பறையில் கணப்பு இருக்கிறது. இந்த மழைக்குக் காலையிலிருந்து இரவு வரைக்கும் எரியும். அந்த நெருப்புக்கு முன்னால் வைத்தால் பொழுது சாய்வதற்குள் இறுகிவிடும்.

அம்மாவிடம் சொன்னேன். மலைக்குப் போகும்போது மழைக்கு இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படங்கை அவிழ்த்துக் கொடுத்தாள். கடலுக்கு மேலே குறுக்காகக் குச்சிகளை வைத்து, மேற்பரப்பில் படாமல் படங்கை விரித்துக் கட்டினோம். ஒரு துளி மழை விழுந்தாலும் அந்த இடம் பால் மாதிரி வெளுத்துப் போகும். கொஞ்சம் சாய்ந்தாலும் அலைகள் ஒரு பக்கமாக வழிந்து கணவாயின் கை வெளியே வந்துவிடும்.

பலகையின் முன்பக்கம் நான், பின்பக்கம் அம்மா. லயத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் கல் படிகள், மழைக்குப் பாசி பிடித்தவை. இறங்குகிற பக்கம் நான் கையைத் தோளுக்கு மேலே தூக்க வேண்டும். பின்னால் அம்மா குனிந்து வர வேண்டும். அப்படிச் செய்தால்தான் பலகை மட்டமாக நிற்கும். என் கண் படியைப் பார்க்கவில்லை, பலகை விளிம்பைத்தான் பார்த்தது. ஒரு இடத்தில் கால் சறுக்கியது. அம்மா பின்னாலிருந்து தன்பக்கம் இழுத்துப் பிடித்தாள். இரண்டு பேரும் அப்படியே நின்றோம். படங்கின் மடிப்பில் தேங்கிய தண்ணீர் என் கழுத்தில் ஊற்றியது. கடலுக்குள் ஊற்றவில்லை.

பக்கத்து லயத்து அழகம்மா இஸ்தோப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா வேலாயி, யாரு போயிட்டாங்க? சொல்லவே இல்ல."

"என் மகளோட டிகிரி," என்றாள் அம்மா. "நீ வந்து ஒரு முனையப் புடி."

அழகம்மா வந்து பிடித்தாள். மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு, ஒற்றைக் கையால் பிடித்தாள். அதுவும் உதவிதான்.

த்ரீவீல்காரன் பின் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நாற்றம் நாளைக்கும் போகாது என்றான். பலகையை மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் என் முழங்காலை ஏற்றி இறக்கி மட்டம் பிடித்தேன். அம்மா கூட வரவில்லை. அவளுக்கு அப்பாவைக் குளிக்க வைக்க வேண்டும், நாற்றம் படாத ஸ்வெட்டர் எங்கேயாவது கடன் வாங்க வேண்டும்.

பங்களாவில் தரணிதரன் வாசலிலேயே வந்து நின்றார். வரவேற்பறையில் சாயங்காலத் தேநீருக்கு ஆட்கள் இருந்தார்கள். பின்பக்கமாக ஸ்டோருக்குக் கொண்டுபோகச் சொன்னார். பின்பக்கம் குறுகலான சுழல் படி. அதில் மட்டமாக ஏற்ற முடியாது. ஸ்டோரில் நெருப்பும் இல்லை. நான் த்ரீவீல்காரனை மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி முன்வாசலால் நுழைந்தேன். ஈரச் செருப்போடு கம்பளத்தின் மேல் நடந்தேன். கணப்புக்கு முன்னால் ஒரு முழம் விட்டுப் பலகையை இறக்கி, படங்கை எடுத்தேன்.

நாற்றம் சூட்டில் விரிந்தது. தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரி கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். தரணிதரன் சிரித்த முகத்தை மாற்றாமல் என் காதுக்குப் பக்கத்தில் வந்து பேசினார்.

"தங்கச்சி, இத இப்பவே தூக்குங்க. இல்லாட்டி ஓர்டரே வேணாம். இந்த நாத்தத்த கெஸ்ட் எப்பிடித் தாங்குவாங்க?"

"நாங்க எப்பிடித் தாங்கினோமோ அப்பிடித்தான்."

"ஒங்க வீட்டுல வச்சு செய்யத்தான் சொன்னேன்."

"எங்க வீட்டுல வச்சா இன்னைக்கு எங்கப்பாவுக்கு வேல போகும். நான் தூக்க மாட்டேன். ஒங்களுக்கு வேணாம்னா நீங்களே வெளிய எறிங்க. எறிஞ்சிட்டு பெரியவர்கிட்ட நீங்களே சொல்லுங்க."

அவர் இரண்டு பையன்களைக் கூப்பிட்டார். அவர்கள் வந்து பலகையின் இரண்டு முனையிலும் கை வைத்தார்கள். ஒருவன் சட்டென்று தூக்கினான். பலகை சாய்ந்தது. மேற்பரப்பில் மெதுவாக ஒரு வழிசல் கிளம்புவதைப் பார்த்தேன். அவன் கையை அப்படியே அழுத்திக் கீழே இறக்கினேன். அவன் என்னைவிடச் சின்னவன், பயந்துவிட்டான். நான் சுவரில் பிளக் இருந்த இடத்தைத் தேடி வயரைச் சொருகினேன்.

அடியிலிருந்து நீலம் ஏறியது. ஜன்னல்கள் இரண்டும் மஞ்சளாக எரிந்தன. கணவாயின் கைகள் கப்பலைச் சுற்றிக் கறுப்பாக எழும்பின. எழுந்து போன வெள்ளைக்காரி கதவடியில் நின்றுவிட்டாள். மூக்கைப் பிடித்துக்கொண்டே போனில் படம் எடுத்தாள்.

சத்தம் கேட்டு பீரிஸ் மஹத்தயா மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தார். தரணிதரன் சிங்களத்தில் என்மேல் குற்றப்பத்திரிகை வாசித்தார். பெரியவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. முழங்காலை மடக்கிக் கஷ்டப்பட்டுத் தரையில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் கப்பலுக்குள் பார்த்தார். அவர் வேண்டாம் என்றால் அது திரும்ப வீட்டுக்குத்தான் போக வேண்டும், அல்லது கானுக்கு.

கணவாய்க்குப் பத்துக் கை, ஏன் ஏழுதான் இருக்கிறது என்று கேட்டார். மற்றவை கப்பலுக்கு அந்தப் பக்கம் என்று சிங்களத்தில் சொன்னேன். சுற்றி வந்து எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சி, கப்பல் பட்டறையில் இப்படித்தான் நாறும் என்று சந்தோஷமாகச் சொன்னார். ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். தேநீரைச் சாப்பாட்டு அறைக்கு மாற்றச் சொன்னார். நெருப்பை அணைய விடாதே என்று தரணிதரனிடம் சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். இதை ஏன் இறுகுமுன் மழையில் தூக்கிக்கொண்டு வந்தாய் என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. அவருக்குக் கடல் வந்துவிட்டது. அவ்வளவுதான். எனக்கும் அந்த நேரத்தில் அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஆனாலும் கோபம் போகவில்லை. ஒரு பெரியவருக்குச் சின்ன வயதில் ஒரு சினிமாப் படம் பிடித்துப்போனதில்தான் எங்கள் அப்பாவின் கால் மலையிலிருந்து தப்ப வேண்டியிருக்கிறது.

இன்னும் தப்பவில்லை. அப்பா வேலைக்குப் போகும் நேரம் இனித்தான் வர வேண்டும்.

கணப்புப் பக்கம் அதிகம் சூடேறினால் அந்தப் பக்கம் பிளக்கும். அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருதடவை பலகையைத் திருப்பினேன். திருப்பும் போதெல்லாம் விரல் நுனியால் தொட்டேன். இழுபட்டது. பிறகு ஒட்டியது. பிறகு ரேகை மட்டும் விழுந்தது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. போனை மடியில் வைத்திருந்தேன். தொழிற்சாலைச் சங்கு இங்கே கேட்காது. இந்நேரம் அப்பா வாசலில் நிற்பார். கஜேந்திரன் ஐயா கழுத்துப் பக்கம் குனிவார். முடியை மோப்பாரா? முடியைக் கழுவினார்களா? அம்மா எல்லாவற்றையும் கழுவியிருப்பாள். ஆனால் நாற்றம் கழுவினால் போகிற ஜாதி இல்லை. என் கையை மோந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் மூக்கு செத்துப்போய் எத்தனையோ நாளாகிவிட்டது. எது நாறுகிறது எது நாறவில்லை என்று சொல்ல இந்த உலகத்தில் தகுதியில்லாத ஆள் நான்தான்.

போன் வந்தது. அம்மா.

"உள்ள விட்டுட்டாங்க."

அம்மா தொடர்ந்து சொன்னாள். அப்பாவைப் பீலித் தண்ணீரில் மூன்று தடவை தேய்த்துக் குளிக்க வைத்தாளாம். மழைக்கு நடுங்கிப் போனாராம். அழகம்மாவின் மகனுடைய ஸ்வெட்டர், கட்டிக்கொள்ள வேறு சாரம், வேறு துண்டு. வாசலில் கஜேந்திரன் ஐயா முன்னும் பின்னும் மோந்தாராம். காதுக்குப் பின்னால் மோந்தாராம். சலிக்கிற பெண்கள் எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றாராம். கடைசியில் ஐயா போ என்று சொன்னாராம். அப்பா மேல்மாடி ஏறிவிட்டார்.

"சரிம்மா. நான் இத முடிச்சிட்டு வாறேன்," என்றேன்.

அந்தப் பக்கம் ஈரக் கம்பளியை உதறும் சத்தம் கேட்டது.

"வராத," என்றாள் அம்மா. "கம்பளியெல்லாம் இப்பத்தான் தொவச்சிருக்கேன். ஒன் தலயிலயும் சட்டயிலயும் அந்த நாத்தந்தான. நீ வந்து படுத்தா காலையில அவரு வந்து அதுலதான படுக்கணும். அப்புறம் நாளைக்கும் வாசல்ல நிக்கணும்."

அவள் சொன்னது சரி. நான் அதை யோசிக்கவே இல்லை. கடலைத்தான் வெளியே கொண்டுவந்தேன், என்னைக் கொண்டுவரவில்லை. வட்டகொடையில் ஜெயந்தினி இருக்கிறாள், என்னோடு படித்தவள். அவள் வீட்டிலும் அண்ணன் தொழிற்சாலைக்குப் போகிறவன். எனக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் ஒருவர் தொழிற்சாலைக்குப் போகிறார்.

"எங்க தங்குவ?" என்று அம்மா கேட்டாள்.

"இங்கதான்."

"விடுவாங்களா?"

தரணிதரன் கதவடியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கணப்பில் விறகு குறைந்திருந்தது. நான் போனைக் கீழே வைக்காமலே, விறகு கொண்டுவரச் சொல்லுங்கள், இது காலைவரைக்கும் திருப்ப வேண்டிய சாமான், நான் போனால் ஒரு பக்கம் பிளந்துவிடும், பிளந்தால் சனிக்கிழமைக்கு ஒன்றும் இருக்காது என்றேன். அது முக்கால்வாசி பொய். கடல் கிட்டத்தட்ட இறுகிவிட்டது.

அவர் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு விறகுக்கு ஆள் அனுப்பப் போனார்.

"விடுவாங்கம்மா," என்றேன்.